‘டி.எல்.எல் காணவில்லை’ என்கிறதா கம்ப்யூட்டர்? அவசரப்பட்டு டவுன்லோடு செய்யாதீர்கள்!

கணக்கு எழுதும் சாஃப்ட்வேரின் ஐகானை இரண்டு முறை தட்டுகிறீர்கள். சாஃப்ட்வேர் வரவில்லை. திரையின் நடுவில், சிவப்புப் பெருக்கல் குறியோடு ஒரு சின்னப் பெட்டி வருகிறது. ‘எம்எஸ்விசிபி140.டிஎல்எல் கிடைக்கவில்லை. மேற்கொண்டு இயங்க முடியாது’ என்கிறது. கீழே ‘ஓகே’ என்று ஒரே ஒரு பட்டன். அதை அழுத்தினால் பெட்டி போய்விடும். பிரச்னை போகாது.

ஜூலை கடைசி வாரத்தில், அடையாறு காந்தி நகரில் உள்ள ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் இந்தப் பெட்டி வந்தால், வருமான வரிக் கணக்கு வேலை அப்படியே நிற்கும். பெசன்ட் நகர் ஃப்ளாட்டில் பையன் புது கேம் போடும்போது வந்தால் வீடு இரண்டாகும். எல்.பி. ரோடு ஜெராக்ஸ் கடையில் வந்தால், பிரின்ட் எடுக்க வந்தவர் பக்கத்துக் கடைக்குப் போய்விடுவார்.

மூன்று இடத்திலும் அடுத்து நடப்பது பெரும்பாலும் ஒன்றுதான். அந்த ஃபைலின் பெயரை கூகுளில் தட்டித் தேடுவார்கள். ‘இலவச டவுன்லோடு’ என்று பச்சை பட்டனோடு நிற்கும் ஏதோ ஒரு வெப்சைட்டில் இருந்து அதை இறக்கி, கம்ப்யூட்டருக்குள் போடுவார்கள். பத்து நிமிடத்தில் சரியாகியிருக்க வேண்டிய சின்னக் கோளாறு, வங்கிக் கணக்குக்கே ஆபத்தாக மாறக்கூடிய இடம் இதுதான்.

காரணம் புரிய வேண்டுமென்றால், இந்த டி.எல்.எல் என்பது என்ன என்று முதலில் பார்த்துவிடலாம்.

பெயரிலேயே இருக்கிறது லைப்ரரி

டி.எல்.எல் என்றால் ‘டைனமிக் லிங்க் லைப்ரரி’. அடையாறுவாசிகளுக்கு இதை விளக்குவது சுலபம். பிரம்மஞான சபை வளாகத்தில், கர்னல் ஆல்காட் 1886-ல் தொடங்கிய அடையாறு நூலகம் இருக்கிறது. ஓலைச்சுவடிகளுக்கும் அரிய நூல்களுக்கும் பெயர்போன இடம். அங்கே உள்ள ஒரு சுவடியை எத்தனையோ ஆய்வாளர்கள் பார்க்கிறார்கள். ஒவ்வொருவரும் வீட்டில் ஒரு பிரதி வைத்துக்கொள்வதில்லை. தேவைப்படும்போது வந்து, எடுத்துப் பார்த்து, வைத்துவிட்டுப் போகிறார்கள்.

கம்ப்யூட்டரிலும் இதே ஏற்பாடுதான். திரையில் ஒரு ஜன்னலைத் திறப்பது, எழுத்தைக் காட்டுவது, ஒலி எழுப்புவது, ஃபைலைச் சேமிப்பது போன்ற வேலைகள் எல்லா சாஃப்ட்வேருக்கும் வேண்டும். ஒவ்வொன்றும் தனக்கென்று தனியாக எழுதி வைத்துக்கொண்டால் இடம் வீண். அதனால் பொதுவான வேலைகளுக்கான கட்டளைகளைத் தனி ஃபைலாக எழுதி ஓரிடத்தில் வைத்துவிடுகிறார்கள். வேண்டிய சாஃப்ட்வேர் வந்து கூப்பிட்டுக்கொள்ளும்.

விண்டோஸின் முதல் பதிப்பு வந்த 1985-லேயே இந்த ஏற்பாடு வந்துவிட்டது. அந்தப் பதிப்புக்கு 256 கேபி நினைவகம் இருந்தால் போதும். இன்று செல்போனில் எடுக்கும் ஒரு போட்டோவே அதைவிடப் பெரியது. அவ்வளவு சின்ன இடத்தில் பகிர்ந்து பிழைப்பது சிக்கனம் மட்டுமல்ல, கட்டாயம். லினக்ஸிலும் ஆப்பிள் மேக்கிலும் வேறு பெயர்களில் இதே ஏற்பாடு உண்டு.

பகிர்வதில் ஒரு சங்கடமும் இருக்கிறது. நூலகத்தில் அந்தச் சுவடி தொலைந்தால், அதை நம்பியிருக்கும் அத்தனை பேருக்கும் வேலை நிற்கும். கரையான் அரித்திருந்தால் பாதியில் நிற்கும். அதே பெயரில் வேறு பதிப்பை யாராவது மாற்றி வைத்துவிட்டால், எல்லோருக்கும் தப்பான பக்கம் கிடைக்கும். டி.எல்.எல் கோளாறுகளும் இந்த மூன்று வகைதான்: காணவில்லை, கெட்டுவிட்டது, பொருந்தவில்லை.

தமிழே தடுமாறிய காலம்

‘இதெல்லாம் இன்ஜினீயர்கள் கவலை’ என்று நினைக்க வேண்டாம். திரையில் தமிழ் படித்த ஒரு தலைமுறையே இந்தப் பிரச்னையைப் பார்த்திருக்கிறது.

‘கொடு’ என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். யூனிகோடு முறையில் கம்ப்யூட்டர் முதலில் ‘க’வைச் சேமிக்கும். பிறகு ஒகரக் குறியைச் சேமிக்கும். ஆனால், திரையில் காட்டும்போது கொம்பு ‘க’வுக்கு முன்னால் வர வேண்டும், கால் பின்னால் வர வேண்டும். சேமித்த வரிசை வேறு, காட்டும் வரிசை வேறு. இப்படிப் பிரித்து, இடம் மாற்றி, அடுக்கிக் காட்டும் வேலையை விண்டோஸில் ‘யூனிஸ்கிரைப்’ என்ற டி.எல்.எல் பார்த்துக்கொண்டது. இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 5, விண்டோஸ் 2000 ஆகியவற்றோடு அது வந்தது.

2001-ல் விண்டோஸ் எக்ஸ்பி வந்தபோது, தமிழ் போன்ற மொழிகளுக்கான ஃபைல்கள் தாமாகவே இயங்கும்படி அமைக்கப்படவில்லை. கண்ட்ரோல் பேனலுக்குள் போய், மொழிகளுக்கான பகுதியில் ஒரு கட்டத்தை டிக் செய்து, எக்ஸ்பி சி.டி-யைப் போட்டு, கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் செய்ய வேண்டும். செய்யாதவர்களுக்குக் கொம்பு தப்பான பக்கம் நிற்கும். புள்ளி தனியே மிதக்கும். நடுவில் புள்ளிகளால் ஆன ஒரு வட்டம் எட்டிப் பார்க்கும். அந்த நாள்களில் தமிழ் வலைப்பதிவுகளிலும் இணையதளங்களிலும் ‘தமிழ் சரியாகத் தெரியவில்லையா?’ என்று தனியாக ஓர் உதவிக் குறிப்பே இருக்கும்.

படித்தவர்கள் வெப்சைட்டைக் குறை சொன்னார்கள். சிலர் ஃபான்ட்டை மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். இரண்டிலும் தப்பில்லை. இரண்டுக்கும் பொதுவாக இருந்த ஒரு ஃபைல்தான் தயாராக இல்லை. அடுத்து வந்த விண்டோஸ் விஸ்டாவில் இந்த வசதி தொடக்கத்திலேயே இயங்கும்படி வந்ததும், அந்தக் குறிப்புகளுக்குத் தேவை குறைந்தது. இன்று ஆண்ட்ராய்டு போனிலும் குரோமிலும் ஃபயர்ஃபாக்ஸிலும் ‘ஹார்ஃப்பஸ்’ என்ற பொது லைப்ரரி இதே வேலையைச் செய்கிறது. போனில் இந்தப் பக்கத்தைப் படிப்பவர்களுக்குக் கொம்பும் காலும் சரியான இடத்தில் தெரிவதும் அப்படி ஒன்றின் உபயம்தான்.

டி.எல்.எல் பிரச்னையின் சூட்சுமம் இதுதான். வலி ஓரிடத்தில் தெரியும், நோய் வேறிடத்தில் இருக்கும்.

எங்கே போனது அந்த ஃபைல்?

ஒரு டி.எல்.எல் காணாமல் போகப் பொதுவாக ஐந்து காரணங்கள் உண்டு.

ஒன்று, அது வரவே இல்லை. சாஃப்ட்வேரை எழுதியவர்கள், பொது ஃபைல்கள் ஏற்கெனவே உங்கள் கம்ப்யூட்டரில் இருக்கும் என்று நம்பிவிட்டார்கள். புது லேப்டாப்பிலோ, ஃபார்மேட் செய்த கம்ப்யூட்டரிலோ அவை இல்லை.

இரண்டு, நாமே அழித்துவிட்டோம். இன்ஸ்டால் ஆகியுள்ள சாஃப்ட்வேர் பட்டியலைத் திறந்தால், ‘மைக்ரோசாஃப்ட் விஷுவல் சி++’ என்ற பெயரில் 2010, 2012, 2013 என ஏழெட்டு வரிகள் இருக்கும். ‘ஒரே சாமான் எதற்கு இத்தனை?’ என்று சுத்தம் செய்யும் ஆர்வத்தில் நீக்கிவிடுகிறோம். அவை ஒரே சாமான் இல்லை. ஒவ்வொன்றையும் நம்பி வெவ்வேறு சாஃப்ட்வேர் இருக்கும்.

மூன்று, ஆன்டிவைரஸ் பிடித்து வைத்திருக்கிறது. திருட்டுப் பிரதியாக வந்த கேம், போட்டோ எடிட்டிங் சாஃப்ட்வேர் போன்றவற்றில் இது அதிகம். அவற்றில் லைசென்ஸ் சோதனையை ஏமாற்ற, டி.எல்.எல் ஃபைலைத்தான் பெரும்பாலும் மாற்றி வைத்திருப்பார்கள்.

நான்கு, ஃபைல் கெட்டுவிட்டது. அப்டேட் ஓடும்போது கரன்ட் போவது, ஹார்டு டிஸ்க் தேய்ந்துபோவது இரண்டும் முக்கியக் காரணங்கள். எல்லோரும் நம்பியிருக்கும் ஒரு துணை ஃபைலில் தப்பு நேர்ந்தால் என்ன ஆகும் என்பதை 2024 ஜூலை 19 அன்று உலகமே பார்த்தது. கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய ஒரு சின்ன அப்டேட் ஃபைலில் கோளாறு. மைக்ரோசாஃப்ட்டின் கணக்குப்படி சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் நீலத் திரையோடு நின்றன. இந்திய விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். அது டி.எல்.எல் அல்ல. ஆனால், பொதுவாக நம்பும் ஃபைல் கெட்டால் நடப்பது இதுதான்.

ஐந்து, விண்டோஸ் பழையது, சாஃப்ட்வேர் புதியது. கல்லூரி மாணவர்கள் அதிகம் மாட்டிக்கொள்ளும் இடம் இது. பைத்தான் 3.9-ஐ விண்டோஸ் 7-ல் போட்டால், ‘ஏபிஐ-எம்எஸ்-வின்’ என்று தொடங்கும் ஒரு டி.எல்.எல் இல்லை என்று பிழை வரும். அந்தப் பதிப்பு விண்டோஸ் 7-க்காக எழுதப்பட்டதே இல்லை. எங்கிருந்தோ அந்த ஃபைலைக் கொண்டுவந்து ஒட்டுவது தீர்வாகாது. பழைய பைத்தான் பதிப்பைப் போட வேண்டும், அல்லது விண்டோஸை மாற்ற வேண்டும்.

யாரும் படிக்காத இரண்டாவது வரி

அந்தச் சின்னப் பெட்டியை இன்னொரு முறை பாருங்கள். ஃபைல் பெயர் இருக்கும் வரிக்குப் பிறகு ஒரு வரி இருக்கும். ‘இந்த புரோகிராமை மறுபடி இன்ஸ்டால் செய்தால் பிரச்னை சரியாகலாம்’ என்று விண்டோஸே சொல்கிறது. நம் கண் முதல் வரியிலேயே நின்றுவிடுகிறது.

‘ஃபைல் எங்கே கிடைக்கும்?’ என்று கேட்பதைவிட, ‘இது யாருடைய ஃபைல்?’ என்று கேட்டால் பாதி வேலை முடிந்தது. பெயரே பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடும்.

• எம்எஸ்விசிபி140, விசிரன்டைம்140: மைக்ரோசாஃப்ட் விஷுவல் சி++ ரீடிஸ்ட்ரிபியூட்டபிள் தொகுப்பில், 2015-ம் அதற்குப் பிந்தைய பதிப்புகளையும் சேர்ந்தவை.

• எம்எஸ்விசிஆர்100, 110, 120: அதே குடும்பம். முறையே 2010, 2012, 2013 பதிப்புகள்.

• டி3டிஎக்ஸ்9 என்று தொடங்குபவை: பழைய கேம்களுக்கான டைரக்ட்எக்ஸ் தொகுப்பு. இதன் கடைசிப் பதிப்பு 2010 ஜூனில் வந்தது. மைக்ரோசாஃப்ட் தளத்திலேயே கிடைக்கிறது.

• ஏபிஐ-எம்எஸ்-வின் என்று தொடங்குபவை: விண்டோஸின் சொந்த உறுப்புகள். விண்டோஸ் அப்டேட்டில்தான் தீர்வு தேட வேண்டும்.

• டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் செருகும்போது வரும் பிழைகள்: டோக்கனுக்கான டிரைவர் சாஃப்ட்வேரில் உள்ள டி.எல்.எல். டோக்கன் கொடுத்த நிறுவனத்திடம்தான் கேட்க வேண்டும்.

இவை எதற்கும் காசு கிடையாது. மைக்ரோசாஃப்ட் தொகுப்புகள் எல்லாம் இலவசம். ‘டி.எல்.எல் சரிசெய்யப் பணம் கட்டுங்கள்’ என்று ஒரு வெப்சைட் கேட்டால், அங்கேயே எழுந்துவிடலாம்.

தனி ஃபைலை இறக்கினால் என்ன ஆகும்?

டி.எல்.எல் என்பது போட்டோவோ பாட்டோ இல்லை. அது கட்டளைகளின் தொகுப்பு. ஒரு சாஃப்ட்வேர் அதைக் கூப்பிட்டதும், அந்தக் கட்டளைகள் அதே சாஃப்ட்வேருக்கு உள்ள உரிமைகளோடு ஓடத் தொடங்கும். கணக்கு சாஃப்ட்வேருக்குள் போலி டி.எல்.எல் நுழைந்தால், அந்த சாஃப்ட்வேர் பார்ப்பதை எல்லாம் அதுவும் பார்க்கும். வாடிக்கையாளரின் பான் எண், வங்கி விவரம், தட்டச்சு செய்யும் பாஸ்வேர்டு, எதுவும் தப்பாது. விண்டோஸ் பெரும்பாலான டி.எல்.எல்களை முதலில் அந்த சாஃப்ட்வேரின் ஃபோல்டரிலேயே தேடும். போலி ஃபைலை அங்கே வைத்துவிட்டால் அதுவே அசலாகிவிடும். வைரஸ் எழுதுபவர்களுக்கு இது பழகிய உத்தி.

இறக்கிய ஃபைல் நல்லதாகவே இருந்தாலும் சிக்கல் தீராது. பதிப்பு பொருந்த வேண்டும். 32 பிட், 64 பிட் பொருந்த வேண்டும். இதில் விண்டோஸ் ஒரு குழப்பம் வேறு வைத்திருக்கிறது. 64 பிட் விண்டோஸில், ‘சிஸ்டம்32’ என்ற ஃபோல்டரில் இருப்பவை 64 பிட் ஃபைல்கள். 32 பிட் ஃபைல்கள் இருப்பது, பெயரில் 64 உள்ள ‘சிஸ்வாவ்64’ ஃபோல்டரில். பெயரை நம்பி மாற்றிப் போட்டால், ‘0எக்ஸ்சி000007பி’ என்ற அடுத்த பிழை வரும்.

அசல் இடத்திலிருந்து வரும் ஃபைலுக்கே சோதனை வந்த கதையும் உண்டு. லினக்ஸ் உலகில் ‘எக்ஸ்இசட்’ என்ற சுருக்கும் கருவி இருக்கிறது. அதன் பொது லைப்ரரியில் யாரோ திட்டமிட்டு ஒரு கள்ளக் கதவை வைத்திருந்தார்கள். தொலைவிலிருந்து கம்ப்யூட்டருக்குள் நுழைய வழி செய்யும் கதவு அது. ஆண்ட்ரஸ் ஃபிராயிண்ட் என்ற இன்ஜினீயர், தன் கம்ப்யூட்டரில் லாகின் ஆக வழக்கத்தைவிட அரை நொடி அதிகமாவதைக் கவனித்து, தோண்டிப் பார்த்து, 2024 மார்ச் 29 அன்று உலகுக்குச் சொன்னார். பெரும்பாலான கம்ப்யூட்டர்களுக்குப் போய்ச் சேருமுன் தடுத்துவிட்டார்கள். ஆயிரம் கண்கள் பார்க்கும் இடத்திலேயே இப்படி என்றால், யார் நடத்துகிறார் என்றே தெரியாத டவுன்லோடு சைட்டை என்னவென்று நம்புவது?

இன்னொரு வலையும் உண்டு. பிழையைத் தேடும்போது, ‘உடனே இந்த எண்ணுக்கு அழையுங்கள்’ என்று ஒரு பக்கம் வரும். அழைத்தால், கம்ப்யூட்டரைத் தொலைவிலிருந்து இயக்கும் ஓர் ஆப்பைப் போடச் சொல்வார்கள். தனியாக இருக்கும் பெரியவர்கள் இதில் எளிதாகச் சிக்குகிறார்கள். பிழைச் செய்தி காட்டும் விண்டோஸ் பெட்டியில் போன் நம்பர் ஒருபோதும் இருக்காது. பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழைத்துவிடுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, பணத்தை நிறுத்தி வைக்க அவ்வளவு வாய்ப்பு.

வீட்டிலேயே செய்யலாம்: ஆறு படிகள்

1. பிழைப் பெட்டியைப் போனில் போட்டோ எடுங்கள். ஃபைல் பெயர் முழுதாகத் தெரிய வேண்டும். ஓர் எழுத்து மாறினாலும் ஆள் மாறிவிடும்.

2. கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் செய்யுங்கள். விண்டோஸ் அப்டேட் ஏதாவது காத்திருந்தால் முடியுங்கள். பாதியில் நின்ற அப்டேட்டே காரணமாக இருக்கலாம்.

3. பிழை காட்டிய சாஃப்ட்வேரை நீக்கிவிட்டு, அதைத் தயாரித்த நிறுவனத்தின் தளத்திலிருந்து மறுபடி இன்ஸ்டால் செய்யுங்கள். கணக்கு சாஃப்ட்வேர் என்றால், முதலில் டேட்டாவை பென் டிரைவில் காப்பி எடுத்த பிறகே நீக்க வேண்டும்.

4. ஃபைல் பெயர் விஷுவல் சி++ குடும்பம் என்றால், மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து அந்தத் தொகுப்பை இறக்குங்கள். 64 பிட் கம்ப்யூட்டரில், எக்ஸ்86, எக்ஸ்64 இரண்டையும் போட வேண்டும். ஒன்றை மட்டும் போட்டுவிட்டு, ‘சரியாகவில்லையே’ என்று திகைப்பவர்கள் நிறைய.

5. ஆன்டிவைரஸில் ‘புரொடெக்‌ஷன் ஹிஸ்டரி’ பகுதியைப் பாருங்கள். ஃபைல் அங்கே மாட்டியிருந்தால், உடனே விடுவிக்காதீர்கள். காசு கொடுத்து வாங்கிய, தெரிந்த நிறுவனத்தின் சாஃப்ட்வேர் என்றால், அந்த நிறுவனத்திடம் கேட்டுவிட்டு முடிவெடுங்கள். திருட்டுப் பிரதி என்றால், ஆன்டிவைரஸ் தன் வேலையைச் சரியாகவே செய்திருக்கிறது.

6. கெட்டது விண்டோஸின் சொந்த ஃபைல் என்றால், அதைச் சரிசெய்யும் கருவி விண்டோஸுக்குள்ளேயே இருக்கிறது. ஸ்டார்ட் மெனுவில் ‘கமாண்ட் பிராம்ப்ட்’ என்று தேடி, ரைட் கிளிக் செய்து, ‘ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்’ கொடுங்கள். கறுப்புத் திரையில் எஸ், எஃப், சி என்ற மூன்று ஆங்கில எழுத்துகள், ஓர் இடைவெளி, ஒரு முன்சாய்வுக் கோடு, அதை ஒட்டியே ‘ஸ்கேன்நவ்’ என்று ஒரே சொல்லாக ஆங்கிலத்தில் தட்டி என்டர் அழுத்துங்கள். ‘சிஸ்டம் ஃபைல் செக்கர்’ எனும் இது, விண்டோஸ் ஃபைல்களைச் சோதித்து, கெட்டவற்றை மாற்றிவிடும். சிறிது நேரம் எடுக்கும், நடுவில் மூடக் கூடாது. மாற்ற முடியவில்லை என்று சொன்னால், அடுத்து ‘டிஸ்ம்’ என்ற கருவியை ஓட்ட வேண்டும். அதற்குத் தெரிந்தவர் உதவியை நாடலாம். இந்தக் கருவிகள் விண்டோஸின் ஃபைல்களை மட்டுமே மீட்கும். விஷுவல் சி++ தொகுப்புக்கு நான்காம் படிதான் மருந்து.

இவ்வளவும் செய்த பிறகு, இன்று ஒரு ஃபைல், நாளை இன்னொரு ஃபைல் என்று பிழை தொடர்ந்தால், சந்தேகம் ஹார்டு டிஸ்க் மேல் போக வேண்டும். அப்போது முதல் வேலை ரிப்பேர் அல்ல. போட்டோ, கணக்கு, சான்றிதழ் ஸ்கேன் எல்லாவற்றையும் வேறிடத்தில் காப்பி எடுப்பது.

பழைய கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்களுக்கு

விண்டோஸ் 7-க்கான ஆதரவு 2020 ஜனவரி 14-லும், விண்டோஸ் 10-க்கான வழக்கமான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-லும் முடிந்துவிட்டன. பழைய விண்டோஸில் புது சாஃப்ட்வேர் போடும்போது இந்தப் பிழைகள் இனி கூடத்தான் செய்யும்.

பிரவுசிங், மெயில், கடிதம் டைப் செய்வது மட்டும்தான் வேலை என்றால், லினக்ஸ் பக்கம் போவதும் ஒரு வழி. தரமணி டைடல் பார்க்கில் இயங்கும் சி-டாக் சென்னை மையம் உருவாக்கிய ‘பாஸ்’ லினக்ஸ், தமிழக அரசின் இலவச லேப்டாப்களில் விண்டோஸோடு சேர்ந்து வந்ததால், பலருக்கு அறிமுகமானதுதான். லினக்ஸில் ஒரு சாஃப்ட்வேரை அதன் அதிகாரபூர்வக் களஞ்சியத்திலிருந்து போட்டால், தேவையான பொது ஃபைல்களையும் அதுவே சேர்த்துக் கொண்டுவந்துவிடும். ஆனால், ஆடிட்டர்களின் டோக்கனும் கணக்கு சாஃப்ட்வேரும் அதில் ஓடுமா என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே மாற வேண்டும்.

கடைக்குக் கொண்டுபோகிறவர்கள் மூன்றே கேள்விகள் கேளுங்கள். ‘ஃபார்மேட் செய்யும் முன் என் டேட்டாவை காப்பி எடுப்பீர்களா? அந்த ஃபைலை எங்கிருந்து எடுத்துப் போடப் போகிறீர்கள்? ஹார்டு டிஸ்க் நன்றாக இருக்கிறதா என்று சோதித்தீர்களா?’ மூன்றுக்கும் தெளிவாகப் பதில் சொல்பவரிடம் நம்பி விட்டுவிட்டு வரலாம்.